பெயரறிந்து விளித்தல்

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தை ஒன்பது இயல்களாக வகுத்தபோது, அவற்றுள் ஒன்றை விளிக்கென்றே ஒதுக்கினார். எப்பெயர் விளியேற்கும், எப்பெயர் ஏலாது, ஈறு எவ்வாறு திரியும், சேய்மையில் உள்ளாரை அழைக்குங்கால் ஒலி எவ்வாறு நீளும் என்பனவெல்லாம் விளிமரபில் விரிவாகச் சொல்லப்பட்டுள்ளன. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் அவ்வியலைப் பயின்ற நாளில், ஒருவரைக் கூப்பிடுவதற்கு இத்தனை இலக்கணமா என்று எங்களுட் சிலர் நகைத்ததுண்டு. முகமறியாத ஆயிரம் பேரை ஒரே நொடியில் அழைக்கவல்ல கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்தில், அந்த இலக்கணத்தின் தேவை முன்னினும் மிகுந்துள்ளது என்றே எனக்குத் தோன்றுகிறது. இவ்வெண்ணத்தை என்னுள் ஊன்றியவள் என் பழைய மாணவி ஒருத்தி.

ஜார்ஜ் டவுனை அடுத்த ஜெலுத்தோங்கில், அடுக்குமாடி வீடொன்றின் சிறிய அறையே அவளுக்கு அலுவலகம். ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, தலையில் மாட்டிக்கொள்ளும் ஒலிவாங்கி. அங்குள்ள தளவாடம் இவ்வளவே. ஆயினும் அவள் பணிபுரிவது மூன்று ஊர்களில். மெல்பர்னில் உள்ள கணக்காய்வாளர் ஒருவரின் சந்திப்புகளை ஒழுங்கு செய்கிறாள். கோலாலம்பூரில் உள்ள சேலைக் கடை ஒன்றிற்கு விளம்பர மடல் விடுக்கிறாள். நம் நகரில் பழைய கடைவீடு ஒன்றில் நடைபெறும் விடுதிக்கு வரும் வினாக்களுக்கு விடை எழுதுகிறாள். முதலிருவரை அவள் நேரிற் கண்டதே இல்லை. இத்தகைய பணியாளரை 'மெய்நிகர் உதவியாளர்' என்று தமிழில் வழங்குகிறோம். உடனிருத்தல்தான் அங்கே நிகர். உதவி முற்றும் மெய்யே.

அவளுடைய கருவிகளை ஒருநாள் எனக்கு ஒவ்வொன்றாக விளக்கினாள். கூகுள் நாட்காட்டி இரண்டு ஊர்களின் நேரத்தையும் ஒத்துக் காட்டும். மெல்பர்ன் நமக்கு 2 மணி நேரம் முந்தியது. அங்குக் கோடைக்காலம் வந்தால் 3 மணி நேரம் முந்திவிடும். ட்ரெல்லோ என்பது ஒரு பலகை போன்றது. செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை என மூன்று பத்திகளிட்டு, வேலைகளை அட்டைகள்போல் அதில் நகர்த்தலாம். கான்வாவைக் கொண்டு ஓவியம் பயிலாதவரும் சுவரொட்டி அமைக்கலாம். மெயில்சிம்ப் 2001ஆம் ஆண்டிலிருந்து வழங்கி வரும் மடல் விடுக்கும் கருவி. பெயர்ப் பட்டியலை ஒரு விரிதாளில் இட்டுக் கொடுத்தால், ஒரே மடலை ஆயிரம் மடல்களாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெயரைப் பொறித்து அது அனுப்பிவிடும். முன்னாளில் பத்து எழுத்தர்கள் ஒரு வாரம் செய்த வேலையை ஒருத்தி ஒரு முற்பகலில் முடித்துவிடுகிறாள்.

வேலை புதிதெனினும் தொழில் பழையதே. சோழர் ஆவணங்களில் 'திருமந்திர ஓலை' என்னும் அலுவலரைக் காண்கிறோம். மன்னன் வாய்மொழியாக இட்ட ஆணையை ஓலையில் வடிப்பது அவர் கடமை. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த விகாரத்திற்கு இராசராச சோழன் ஆனைமங்கலத்தை வழங்கிய செய்தியை லைடன் செப்பேடு கூறுகிறது. அவ்வழங்கலை நிறைவேற்றிய அலுவலர் பலரின் பெயர்களையும் அது தாங்கி நிற்கிறது. அந்தக் கடாரம் நம் தீவுக்கு எதிரே தெரியும் கெடாவே. புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷியாக இருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் பிறர் சொல்லைச் சுமந்து வாழ்ந்தவரே. இந்நகரின் கிட்டங்கிகளில் இருந்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், மேலாளுக்கு அடுத்திருந்தவரை 'அடுத்தாள்' என்றே அழைத்தனர். உதவியாளர் என்பதற்கு அதனினும் பொருத்தமான தமிழ்ச்சொல்லை நான் அறியேன். தோட்டங்களிலோ அப்பணியைக் கிராணிமார் செய்தனர்.

உதவியாளர் கருவியைக் கையாள்பவர் மட்டுமல்லர். கருவியை ஆக்கியோரும் அவருள் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, இளமையில் இவ்வட்டாரத்திற்கு வந்து எழுத்தராகப் பணியாற்றிய ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு வடிவம் தந்தார். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்குவதற்கு, தாளை நகர்த்தாமல் குறியை மட்டும் பதிக்கும் நகரா விசைகளை அவர் அமைத்தார். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள், பின்னர்த் தமிழைக் கணினிக்கும் கைப்பேசிக்கும் கொண்டு சென்றது. இன்று என் மாணவி தமிழில் ஒரு மடல் தட்டச்சு செய்கிறாள் என்றால், அதன் பின்னே இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது.

எழுத்தை இயந்திரத்துள் அடக்கிவிட்டோம். பெயரை அடக்குவதுதான் அரிதாயிருக்கிறது. மடல் விடுக்கும் கருவிகள் பெரும்பாலும் மேலைநாட்டு வழக்கை ஒட்டி அமைந்தவை. முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்களை அவை நீட்டுகின்றன. நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. நம் அடையாள அட்டையில் மகன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கம் நிற்கும். மகளுக்கு 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கம் நிற்கும். கருவி இவற்றை அறியாது. இறுதியில் நிற்கும் தந்தை பெயரையே குடும்பப் பெயரெனக் கொண்டு, மகனுக்குரிய மடலைத் தந்தைக்கு எழுதிவிடும். மணமாகாத பெண்ணின் தந்தை பெயரோடு 'திருமதி' என்பதைச் சேர்த்துவிட்டால், மகள் தன் தாயாகவே ஆகிவிடுகிறாள். சீனர்க்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். ஆதலால் முதற்கட்டத்தில் உள்ளதை எடுத்து, 'அன்புள்ள லிம்' என்று கருவி அழைக்கும். மலாய்க்காரர் பெயரில் 'பின்', 'பிந்தி' என்பவற்றின் பின் நிற்பதும் தந்தையின் பெயரே. டான் ஸ்ரீ விருது பெற்ற பெரியவர் ஒருவரை 'அன்புள்ள டான்' என்று அழைத்த மடலையும் என் மாணவி கண்டிருக்கிறாள்.

இது நகைத்துவிட்டுப் போகும் செய்தியாகவே எல்லார்க்கும் முடிவதில்லை. என் தந்தையார் செபராங் பிறையில் தோட்டக் கிராணியாக இருந்தவர். அவர் மறைந்து சில மாதங்கள் சென்றபின், ஒரு வணிக நிறுவனத்திலிருந்து எங்கள் இல்லத்திற்கு ஓர் உறை வந்தது. எனக்கு வரவேண்டிய விளம்பரக் கடிதம் அது. மேலே பொறித்திருந்ததோ தந்தையாரின் பெயர். நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது, அவ்வுறை பிரிக்கப்படாமல் அவர் படத்தின் முன் இருந்தது. 'அப்பாவுக்குக் கடிதம் வந்திருக்கிறது' என்றார் என் தாயார். வாழ்நாள் முழுதும் பிறருக்காகக் கடிதம் எழுதிய அம்மனிதருக்குத் தம் பெயரில் வந்த கடிதங்கள் மிகச் சிலவே. அதற்குள் இருந்தது தள்ளுபடி அறிவிப்பு என்று தாயாரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அனுப்பியவர் எவர்க்கும் தீங்கு நினைத்திருக்க மாட்டார். விரிதாளின் ஒரு பத்தியை எவரும் கண்கொண்டு பார்க்கவில்லை, நடந்தது அவ்வளவே.

என் மாணவி அந்தப் பத்தியைப் பார்க்கிறாள். சேலைக் கடையின் தீபாவளி மடலுக்கென அவளிடம் வந்த பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அவள் கருவியை இயக்குமுன் மூன்றாவதாக ஒரு பத்தியைச் சேர்த்து, அதற்கு 'விளி' என்று தலைப்பிட்டாள். ஒவ்வொரு பெயரையும் படித்து, இவரை எவ்வாறு அழைப்பது என்று தானே எழுதினாள். மடலின் தலைப்பில் அந்தப் பத்தியே வருமாறு செய்தாள். இரண்டு இரவுகள் கழிந்தன. அவற்றிற்கு அவள் கூலி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எந்தக் கணக்கில் எழுதுவதென்று கடைக்காரர்க்கு விளங்கியிராது. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் உறவுக் கடிதம் எழுதிய நாளில் நான் சிவப்பு மையால் வட்டமிட்ட இடம் அதுதான் என்று அவள் நினைவூட்டியபோது, ஆசிரியத் தொழிலின் பயன் எனக்குச் சற்றே புலனாயிற்று.

பெயர் அறிதல் ஒரு பாதி. அழைக்க உரிமை உண்டா என்று அறிதல் மறுபாதி. கேளாதவர்க்கு விளம்பரம் விடுக்கும் வழக்கம் ஏறத்தாழ மின்மடல் அளவுக்கே பழையது. 1978 மே மாதத்தில், அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். அதுவே இவ்வகையில் முதலாவது என்பர். இன்று நிலைமை முற்றியுள்ளது. விளம்பர மடல்களுள் கண்ணுக்குப் புலனாகாத ஒரு புள்ளி படமாக வைக்கப்படுகிறது. மடலைத் திறந்த கணத்தில் அப்படம் தொலைவிலுள்ள கணினியிலிருந்து தருவிக்கப்படும். இன்னார் இன்ன நேரத்தில் திறந்தார் என்று அங்கே பதிவாகிவிடும். தமிழில் புள்ளி, எழுத்து மெய்யென்பதை வெளிப்பட உணர்த்துவது. இந்தப் புள்ளியோ படிப்பவனை அவன் அறியாமல் படிக்கிறது. 2021இல் ஆப்பிள் நிறுவனம் தன் மடற்செயலியில் இவ்வேவலை மழுங்கச் செய்தது. 2024 முதல், பெருந்தொகையாக விளம்பர மடல் விடுப்போர், வேண்டாதவர் ஒரே சொடுக்கில் விலகும் வழியை வைத்தாக வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் விதித்தன. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நேரடி விளம்பரத்தை நிறுத்துமாறு எழுதிக் கேட்கும் உரிமையை அது ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. அது நடைமுறைக்கு வரும் இடம் உதவியாளரின் மேசை. வணிகர் ஒருவர், திருப்பணிக்கு நன்கொடை அளித்தோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றை எங்கிருந்தோ பெற்று, அவர்கள் அனைவர்க்கும் தம் சரக்கைப் பற்றி எழுதுமாறு என் மாணவியைப் பணித்தார். கோயிலுக்குக் கொடுத்த பெயரைக் கடைக்கு எடுப்பது முறையன்று என்று அவள் மறுத்தாள். அவர் வேறோர் உதவியாளரை நாடிப் போனார். அவளுடைய மாத வருவாயில் மூன்றில் ஒரு பங்கு அத்துடன் நின்றது. அதைப் பற்றி என்னிடம் கூறியபோது அவள் குரலில் வீறாப்பு இல்லை. வீட்டு வாடகையைப் பற்றிய கவலையே இருந்தது. நேர்மைக்கு விலையுண்டு என்று வகுப்பறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த விலையை ரிங்கிட்டில் செலுத்துவோர் நம் மாணவர்களே.

2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், மடலைத் தானே எழுதித் தரும் கருவியும் அவள் மேசைக்கு வந்துவிட்டது. அதை அவள் வெறுக்கவில்லை; முதல் வரைவுக்கு அதனையே பயன்படுத்துகிறாள். ஆயினும் எழுபது வயது மூதாட்டிக்குச் செல்லும் மடலை அது 'தோழியே' என்று தொடங்குமானால், அதை அடித்து 'அம்மா' என்று எழுதுவது அவள்தான். இயந்திரத்திற்குச் சொற்கள் தெரியும். அந்த மூதாட்டியின் கையில் மடல் சேரும்போது அவர் முகம் எவ்வாறு மாறும் என்பதை எண்ணிப் பார்ப்பவள் அவளே. அந்த எண்ணம் இல்லாத இடத்தில், எழுதுவது கருவியாயினும் மனிதராயினும் விளைவு ஒன்றுதான்.

இத்தனை செய்தும், உறவினர் வந்தால் 'எங்கே வேலை?' என்னும் வினாவுக்கு அவளால் ஒரு கட்டடத்தைக் காட்ட இயலவில்லை. முதலாளி என ஒருவர் இல்லாமையால் சேமநிதிக்குத் தானே பணம் கட்டுகிறாள். வீட்டிலிருந்து கணினி பார்க்கிறாள் என்று அயலார் சொல்கின்றனர். அன்று கிராணியின் எழுத்துக்குத் தோட்டமே மதிப்பளித்தது. இன்று அதே பணியைக் கடல் கடந்து செய்பவளுக்கு அம்மதிப்பை அளிக்க நம் சமூகம் இன்னும் பழகவில்லை.

பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை இக்காலத் தொழிலுக்கு எதைக் கொண்டு போவான்? கருவிகளைப் பள்ளி கற்பிக்கட்டும், கற்பிக்கவும் வேண்டும். ஆனால் இன்று கற்பித்த கருவி பிள்ளை வேலைக்குப் போகுமுன் மாறிவிடும். மாறாதிருப்பது, எதிரே இருப்பவர் யார், அவரை எவ்வாறு அழைப்பது, அழைக்கும் உரிமை நமக்கு உண்டா என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம். அதைத் தமிழ் வகுப்பில் நாம் கடிதப் பயிற்சி என்ற பெயரால் கற்பிக்கிறோம். பெரும்பாலும் அனுப்புநர், பெறுநர் என்னும் சட்டகத்தை நிரப்புவதோடு நிறுத்திவிடுகிறோம். ஆசிரிய நண்பர்கள் அடுத்தமுறை அப்பாடத்தை எடுக்கும்போது, மாணவன் ஒரு சொல் எழுதுமுன், 'இதை யார் பிரிப்பார்?' என்று ஒருமுறை கேட்பார்களாக. தொல்காப்பியர் ஓரியல் முழுதும் விரித்த விளியின் இன்றியமையாமை அந்த ஒரு வினாவிலேயே அவனுக்கு விளங்கிவிடும்.