குப்பை மாற்று நிலையமும் அண்டை வீட்டார் உரிமையும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான சாலையின் இருமருங்கும் எவ்வாறு மாறியிருக்கின்றன என்பதை இப்பகுதியில் வாழும் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. 2024 ஆகஸ்ட் மாதம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை ஒரே வளாகத்தில்! ஆலை வந்த நாளையும் அடிக்கல் நாட்டிய அமைச்சரையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இத்தனை பேர் உண்ட மிச்சமும் உடைத்தெறிந்த பொட்டலங்களும் நாள்தோறும் எங்கே போகின்றன என்று கேட்டவர்கள் குறைவு. ஏரிக்கரைகளிலும் சாலையோரப் பள்ளங்களிலும் புகைந்துகொண்டிருக்கும் குவியல்கள்தாம் அதற்கான விடை.

ஹிஜ்ரி 1446, ஷஃபான் மாதத்தில் அந்தக் கேள்வி எங்கள் மஹல்லாவின் வாசலுக்கே வந்தது. ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரகடம் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே செல்லும் சிற்றூர்களில் ஒன்று. பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள புறம்போக்கு நிலத்தில் குப்பை மாற்று நிலையம் அமையவிருப்பதாகச் செய்தி பரவியது. இரண்டே நாளில் மனு ஒன்று தயாராகி, ஜும்ஆவுக்குப் பின் கையொப்பத்துக்கு வந்தது. அதன் கோரிக்கை ஒரே வரி: நிலையத்தை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும்.

அச்சம் நியாயமானது. சென்னையின் கொடுங்கையூரையும் பெருங்குடியையும் அறிந்தவர்கள் எங்களுள் பலர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே பல்லாண்டுகளாகக் குவிந்த பெருங்குடிக் கிடங்கில் 2022 ஏப்ரலில் பற்றிய தீ நாட்கணக்கில் புகைந்தது. அப்போது அங்கே வாடகைக்கு இருந்த எங்கள் உறவினர் குடும்பம் ஒன்று கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்துக்குப் போய்த் தங்கியது. ஆகவே “குப்பை” என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் மறுப்பதில் வியப்பில்லை.

ஆயினும் மாற்று நிலையம் என்பது கிடங்கு அன்று. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதற்குத் தந்த பொருள் தெளிவானது. பல பகுதிகளிலிருந்து சேகரித்த கழிவைப் பெற்று, மூடிய பெரிய வாகனங்களிலோ கொள்கலன்களிலோ மொத்தமாக ஏற்றிப் பதப்படுத்தும் இடத்துக்கு அனுப்பும் இடம் அது. தெருத்தெருவாகச் செல்லும் பேட்டரி வண்டியும் குட்டி யானையும் சிறிதளவே சுமக்கும். அவை ஒவ்வொன்றும் தொலைவிலுள்ள மையம்வரை ஓடித் திரும்பினால் நாளில் பாதி சாலையிலேயே கழிந்துவிடும். மீதித் தெருக்களின் குப்பை அள்ளப்படாமல் கிடக்கும். இடையில் ஒரு நிலையம் இருந்தால் சிறு வண்டிகள் சுமையை இறக்கிவிட்டு உடனே தெருவுக்குத் திரும்பலாம். நம் வழக்கில் சொல்வதானால், குப்பை அங்கே முஸாஃபிராக இருக்க வேண்டும், முகீமாகிவிடக் கூடாது. பல நிலையங்கள் கெட்டுப்போவது இந்த ஒரு காரணத்தால்தான்: வர வேண்டிய பெரிய லாரி வருவதில்லை. ஒருநாள் தங்கியது மூன்று நாள் தங்கி, மூன்று நாள் மூன்று மாதமாகிறது.

மனுவில் கையொப்பமிடுமுன் எங்களுள் சிலர் வேறொன்றை விசாரித்தோம். இங்கே வேண்டாமென்றால் எங்கே? மாற்றாகப் பேசப்பட்ட இடம் ஊருக்குக் கிழக்கே உள்ள மேட்டு நிலம். அதையொட்டி வட மாநிலத் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் தகரக் கூரை வரிசை வீடுகளும் இருளர் குடும்பங்கள் சிலவும் உள்ளன. அவர்களுக்கு ஜமாஅத் இல்லை, முத்தவல்லி இல்லை, மனு எழுதித் தருபவர் இல்லை.

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) தொடர்ந்து வலியுறுத்தியதால், அவர்களுக்கு வாரிசுரிமையும் ஏற்பட்டுவிடுமோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணுமளவுக்கு அந்த உரிமை கனமானது என்பதை புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸால் நாம் அறிவோம். அதை அறிவித்தவர்களுள் ஒருவரான அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி), தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டதாகத் திர்மிதீ முதலியோர் பதிவுசெய்துள்ளனர். நம் தெருவில் தீங்கு என்று நாம் கருதுவதை, எதிர்க்கக் குரலற்றவர்களின் தெருவுக்குத் தள்ளிவிடுவது இந்த உரிமையோடு எப்படிப் பொருந்தும்? தீங்கிழைத்தலும் இல்லை, பதிலுக்குத் தீங்கிழைத்தலும் இல்லை என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தீங்கை இடம்பெயர்ப்பது அதை நீக்குவதாகாது.

எனவே, நன்றாக நடக்கும் நிலையம் எப்படியிருக்கும் என்பதைக் கண்ணால் கண்டுவரச் சென்னைக்குச் சென்றோம். நால்வர் போனோம், அவர்களுள் இருவர் பெண்கள். நாற்றத்தை முதலில் அறிபவர்கள் வீட்டிலிருப்பவர்கள் என்பதால் அவர்கள் வருவதே பொருத்தமென்று ஹஸ்ரத் அவர்களே கூறினார். வாயிலில் எடை மேடை. ஒவ்வொரு வண்டியின் எண்ணும் எடையும் நேரமும் பதிவேட்டில் ஏறுகின்றன. இறக்கும் தளம் கூரைக்குக் கீழே இருக்கிறது. கூரை எதற்கு என்று கேட்டோம். குப்பையின் மீது விழும் மழை முழுவதும் கறுப்பு நீராக மாறும் என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர். வெயில் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கான்கிரீட் தரை ஒருபுறமாகச் சாய்ந்து வடிகாலில் முடிகிறது. வடிகால் மூடிய தொட்டியில் முடிகிறது. அந்தத் தொட்டியை உறிஞ்சிச் செல்ல லாரி வருகிறது. மழைநீருக்கு வேறு வாய்க்கால். முதலில் வந்தது முதலில் ஏறுகிறது. இயந்திரம் குப்பையைக் கொள்கலனுக்குள் அழுத்துகிறது, கதவு மூடுகிறது, வண்டி புறப்படுகிறது. மாலையில் தரையைக் கழுவுகிறார்கள். நாற்றம் இல்லையென்று சொல்ல மாட்டோம். வாயிலைத் தாண்டியதும் இருந்தது. எதிர்ச்சாரியில் உள்ள தேநீர்க் கடையில் இல்லை. அந்தக் கடையில் இரண்டு முறை தேநீர் அருந்தி இதை உறுதிசெய்துகொண்டோம்!

அந்த வடிகாலைப் பற்றி இங்கே இன்னும் சொல்ல வேண்டும். நம் பகுதி ஏரிகளின் பூமி. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குச் செல்கிறது. செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. சாய்வு தவறிய ஒரு தரையிலிருந்து கசியும் கறுப்பு நீர், ஒரு ஐப்பசி மழையில் யாருடைய குடத்துக்குப் போய்ச் சேரும் என்பதைக் கணக்கிட முடியாது. நீர் எடுக்கும் துறைகளிலும் நடைபாதையிலும் மக்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் சாபத்துக்குரிய செயலாக எச்சரித்தார்கள். தனிமனிதன் செய்தாலே அப்படியென்றால், ஒரு நிலையத்தின் வடிகால் அதைச் செய்தால் என்னவென்பது?

தொழிற்பேட்டை என்பதால் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. எண்ணெய் தோய்ந்த துணி, பெயிண்ட் படிந்த டப்பா, கரைப்பான் போன்றவை ஊர்க் குப்பையில் கலக்கக் கூடாதவை. அபாயக் கழிவுகளுக்குத் தனி விதிகள் உள்ளன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவற்றுக்கென்றே பொது மையமும் இருக்கிறது. பெரிய ஆலைகள் கணக்கு வைத்து அனுப்புகின்றன. சிறு பட்டறைகளின் மூட்டை இரவில் ஊர்த் தொட்டிக்குள் விழுகிறது. எண்ணெய்த் துணி குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். பழைய கைப்பேசியின் லித்தியம் பேட்டரி அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கினாலும் அப்படித்தான். ஆகவே இறக்கும் தளத்தில் ஒருவர் நின்று பார்த்துப் பிரித்தெடுப்பது அவசியமாகிறது.

அந்த ஒருவரைப் பற்றி: 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி தூய்மைப் பணியாளருக்குச் சீருடை, ஒளிரும் மேற்சட்டை, கையுறை, மழைக்கோட்டு, தகுந்த காலணி, முகக்கவசம் ஆகியவை வழங்கப்பட வேண்டியிருந்தது. நாங்கள் சென்ற நிலையத்தில் அவை இருந்தன. ஆனால் வெறுங்கையால் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைக் கண்டோம். ஈரமும் கண்ணாடித் துண்டும் குழந்தையின் அணையாடையும் ஒரே பையில் வரும்போது, உறை போட்ட விரல்களுக்கு எது எதுவென்று தெரிவதில்லை என்றார் அவர். கையுறை பழுதாகவில்லை, பழுது வீடுகளிலிருந்து வந்த பையில். மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிவந்த அந்தப் பெண்மணி மறைந்ததைத் தமக்கு அறிவிக்காமல் விட்டதற்காகத் தோழர்களிடம் கேட்டு, அவருடைய கப்ரைத் தேடிச் சென்று தொழுகை நடத்திய நபியின் உம்மத் நாம்.

ஆக, நிலையத்தின் சுத்தம் பெருமளவு அதன் வாயிலுக்கு வெளியே தீர்மானிக்கப்படுகிறது. மக்கும் குப்பை தனியாக வந்தால் அதை அன்றே உரக்குழிக்கு அனுப்பலாம். மக்காதது நாறுவதில்லை, காத்திருக்கும். கலந்தால் எல்லாமே நாறும். இதில் பள்ளிவாசலுக்கும் பங்குண்டு. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் வழிபாட்டுத் தலங்களும் 2016ஆம் ஆண்டின் அந்த விதிகளில் பெருமளவுக் கழிவு உண்டாக்குவோர் பட்டியலில் இருந்தன. அவற்றின்படி, உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியென்றால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, கழிவைப் பிரித்து ஒப்படைக்க வேண்டியிருந்தது. 100 பேருக்குக் குறைவாக நம்மில் யார் வீட்டில் வலீமா நடக்கிறது? நோன்புக் கஞ்சிக்குப் பிளாஸ்டிக் கோப்பையைத் தமிழ்நாடு 2019 ஜனவரி முதலே தடைசெய்துவிட்டது. தூக்குச் சட்டியில் வாங்கிய காலத்து ருசி கோப்பையில் கிடையாது என்பது எங்கள் தனிப்பட்ட கருத்து. குர்பானிக் கழிவோ ஒரே நாளில் வந்து குவிவது. அதற்கு முன்கூட்டியே வண்டியும் குழியும் பேசிவைக்காத ஊரில், எந்த நிலையம் வந்தாலும் பெருநாள் மாலையில் நாய்களே அதிகாரம் செலுத்தும்.

பதினோராம் நூற்றாண்டின் இமாம் மாவர்தீ தம் அல்-அஹ்காமுஸ் சுல்தானிய்யாவின் இறுதி அத்தியாயத்தை ஹிஸ்பாவுக்கு ஒதுக்கியிருக்கிறார். ஊரின் நீர்வழி சிதைந்தால் செப்பனிடச் செய்வதும், சுமக்க முடியாத பாரத்தைப் பிராணிகள் மீது ஏற்றுபவரைத் தடுப்பதும் முஹ்தஸிபின் கவனத்துக்குரியவை. இன்று ஒவ்வொரு மஹல்லாவும் தன் நிலையத்துக்கு இரண்டு முஹ்தஸிப்களை நியமித்தால் என்ன என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பாரம் மிகுந்து தார்ப்பாய் இல்லாமல் செல்லும் லாரிகளைப் பார்க்கும்போது அந்த ஆசை இன்னும் கூடுகிறது.

மனு திருத்தி எழுதப்பட்டது. வேறிடத்துக்கு மாற்றுக என்ற வரி போய், இங்கே அமைப்பதானால் எப்படி அமைக்க வேண்டும் என்பது வந்தது. கூரையும் சாய்தளமும் மூடிய தொட்டியும் வேண்டும். இரவில் குப்பை தங்கக் கூடாது. பெரிய லாரி பழுதானால் மாற்று வண்டிக்கு முன்னேற்பாடு வேண்டும். எடைப் பதிவேட்டை மாதமொருமுறை ஊர்மக்கள் பார்க்க அனுமதிக்க வேண்டும். சுற்றிலும் மரங்கள் நட வேண்டும். பதிலுக்கு, ஜமாஅத்தின் வீடுகள் பிரித்தே கொடுக்கும் என்ற உறுதியும் அதில் சேர்க்கப்பட்டது. எல்லோரும் ஒப்பவில்லை. பெரியவர்கள் சிலர் கையொப்பமிட மறுத்துவிட்டனர். அரசு அலுவலகங்களின் வாக்குறுதிகளை எங்களைவிட நெடுங்காலம் கண்டவர்கள் அவர்கள், அவர்களுடைய ஐயத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. கிழக்கு மேட்டிலிருந்து மூன்று குடும்பங்கள் வந்து ஒப்பமிட்டன.

ஈதுக்குப் பிறகு வரைபடத்தைக் காட்டுவதாகப் பொறியாளர் சொல்லியிருக்கிறார். வடிகால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம். மேற்கே சாய்ந்தால் அங்கே ஏரி இருக்கிறது.