மர்ரே நதிக்கரையில்

நதிக்கரைக்குப் போய்க் கட்டுச்சோறு சாப்பிடுவது நமக்குப் புதிய சங்கதியல்ல. ஆடிப் பதினெட்டன்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு காவேரிக்குப் போகிறவர்கள்தாமே நாம்? ஆனால் மோட்டாரில் வெகுதூரம் சென்று, காட்டுக்குள் ஓர் ஆற்று வளைவில் கூடாரம் அடித்து, ஹோட்டலும் குழாயும் மின்சார விளக்கும் இல்லாமல் சில இரவுகளைக் கழிப்பதை ஒரு தேசத்தார் கோடைகாலத் திருவிழாவைப் போல் கொண்டாடுகிறார்கள். அந்தத் தேசம் ஆஸ்திரேலியா. அந்த நதி மர்ரே.

அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில் உபாத்தியாயர்கள் மூவர் அங்கே போய்ச் சேர்ந்தோம். எங்களில் ஒருவருடைய தம்பி மெல்போர்னில் உத்தியோகம் பார்க்கிறார். மோட்டார் அவருடையது, கூடாரமும் அவருடையதே. எங்கள் பங்கு புளியோதரையும் உற்சாகமுமாக இருந்தது.

நம் ஊரில் மார்கழிப் பனி. அங்கேயோ அக்கினி நட்சத்திரம்! பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவங்கள் மாறிவிடும் என்று வகுப்பில் எத்தனையோ வருஷமாகச் சொல்லி வருகிறோம். அன்றுதான் உடம்பு அந்தப் பாடத்தைக் கற்றது. மெல்போர்னிலிருந்து வடக்கே கில்மோர், ஹீத்கோட் வழியாகச் சென்றோம். அறுவடையான கோதுமை வயல்கள் இருபுறமும் பொன்னிறமாய்க் காய்ந்து கிடந்தன. நடுப்பகலில் உஷ்ணம் 42 டிகிரியைத் தொட்டது. வண்டியின் கண்ணாடியைச் சற்று இறக்கினால், செங்கற்சூளையின் வாயருகே நிற்பது போல் இருந்தது.

சுமார் 220 கிலோ மீட்டர் கடந்ததும் எச்சூக்கா என்ற ஊர் வந்தது. அந்நாட்டுப் பூர்வ குடிகளின் பாஷையில் அப்பெயருக்கு 'நீர்கள் கூடுமிடம்' என்று பொருள். நம் கூடுதுறையை நினைத்துக்கொண்டோம். காம்பஸ்பி, கோல்பர்ன் என்னும் இரு நதிகள் அவ்வூரை அடுத்து மர்ரேயில் கலக்கின்றன. 1864-ல் ரயில் வந்தபின், உள்நாட்டுக் கம்பளி மூட்டைகளைச் சுமந்து வரும் நீராவிப் படகுகளுக்கு இது பெரிய துறைமுகமாயிற்று. துடுப்புச் சக்கரம் பூட்டிய அப்படகுகள் சில இன்றும் உல்லாசப் பிரயாணிகளுக்காக ஓடுகின்றன. மர்ரேயின் நீளம் 2,508 கிலோ மீட்டர். முன்காலத்தில் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பெருகி, கோடையில் இளைத்துவிடும் நதி அது. 1936-ல் ஹியூம் அணை கட்டி முடிந்தபின் பாசனத்துக்காகக் கோடையில் நீரைத் திறந்துவிடுகிறார்கள். அதனால் வெயில் கொளுத்தும் காலத்திலும் கரையை ஒட்டி நீர் ஓடுகிறது.

எச்சூக்காவுக்கு அப்பால் பார்மா வனம். 'ரெட் கம்' என்னும் மரங்கள் அடர்ந்த காடு அது. அம்மரக் காடுகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. நீலகிரியில் தைலமரம் என்கிறோமே, அந்த ஜாதிதான். ஆனால் ஆற்று வெள்ளத்தைக் குடித்து வளர்வது. 2010-ல் அவ்வனம் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். நல்ல பருத்த மரமாகப் பார்த்து மூட்டைகளை இறக்கப் போனோம்.

"வேண்டாம், ஸார்! அந்த மரத்தடி மட்டும் வேண்டாம்" என்று தம்பி கையைப் பிடித்துத் தடுத்தார்.

காற்றே இல்லாத உஷ்ணமான நாளிலும் அம்மரம் திடீரென்று ஒரு பெருங்கிளையைக் கழற்றிப் போட்டுவிடுமாம். 'விதவையாக்கி' என்றே அதற்கு அங்கே பெயர் உண்டு. ஆகவே திறந்த வெளியில் துணிப்பந்தல் கட்டிக்கொண்டோம். நதியில் இறங்கவும் நிதானம் வேண்டும். கரை செங்குத்தானது, நீருக்கடியில் முறிந்த மரங்கள் மறைந்து கிடக்கும். கழுத்தளவு நீரில் எருமைகளைப் போல் அசையாமல் உட்கார்ந்து பகலைப் போக்கினோம்.

அன்று முழுத் தீத்தடை நாள். காட்டுத்தீக்கு அஞ்சிச் சர்க்கார் அவ்வாறு அறிவித்தால் விறகடுப்பு மூட்டுவது குற்றம். புளியோதரையின் பெருமை அப்போதுதான் விளங்கிற்று. இரவு ஒன்பது மணி சுமாருக்கு இருட்டியது, உஷ்ணமும் தணிந்தது. நடுநிசியில் வானத்தைப் பார்த்தால், திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் வேட்டைக்காரன் கூட்டம் தலைகீழாய் நின்றது!

மறுநாள் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போனோம். அங்கேதான் கமராகஞ்சா இருக்கிறது. விக்டோரியா மாகாணத்துக்கும் நியூ ஸௌத் வேல்ஸுக்கும் நதியே எல்லை. கமராகஞ்சா, யோர்ட்டா யோர்ட்டா என்னும் பூர்வ குடியினரை நியூ ஸௌத் வேல்ஸ் சர்க்கார் வைத்திருந்த குடியிருப்பு. அவர்கள் உழுது பயிரிட்ட நிலங்களைச் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொண்டது. போதிய உணவில்லை, நோய் மிகுந்தது, நிர்வாகியின் கொடுமையோ தாங்க முடியவில்லை. 1939-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், கொடிய கோடையில், சுமார் இருநூறு பேர் குழந்தை குட்டிகளோடு அதை விட்டு வெளியேறி, நதியைக் கடந்து பார்மாக் கரையில் தங்கினார்கள். பல மாதம் அங்கேயே கிடந்தார்கள். நாங்கள் உல்லாசமாகக் கூடாரம் அடித்த அதே நதிக்கரை, அவர்களுக்கு மானத்தைக் காக்கும் இடமாயிற்று! பலர் அப்புறம் திரும்பவேயில்லை.

இந்தத் துணிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? காரணங்களில் ஒன்று, ஒரு பள்ளிக்கூடம். தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ் என்பவர் 1859-ல் மொரீஷியஸ் தீவில் பிறந்தவர், இந்திய வமிசத்தவர். 1881-ல் அருகிலிருந்த மலோகா என்ற பாதிரிமார் குடியிருப்பில் உபாத்தியாயராக அமர்ந்தார். 1888-ல் அந்த ஜனங்களோடு கமராகஞ்சாவுக்கு வந்து, 1922 வரை அங்கே கற்பித்தார். அவர்கள் குடும்பத்திலேயே பெண் கொண்டார்; அவர்கள் பாஷையையும் கற்றார்.

அவருடைய மாணாக்கர்களுள் ஒருவர் அவருடைய மைத்துனர் வில்லியம் கூப்பர். வயது வந்தபின் எழுத்துக் கற்ற அவர், தம் இனத்தாரின் உரிமைக்காகப் பிரிட்டிஷ் மன்னருக்கு விண்ணப்பம் தயாரித்தார். வெள்ளையர் குடியேறியதன் 150-வது ஆண்டு விழாவை 1938 ஜனவரி 26-ந் தேதி தேசம் கொண்டாடியபோது, அதைத் துக்க நாளாக அனுஷ்டித்தவர்களுள் அவரும் ஒருவர். அதே தேதியில் 1930 முதல் நம் ஜனங்கள் பூரண சுயராஜ்யப் பிரதிக்ஞை எடுத்து வந்தார்கள் என்பதை நினைக்கும்போது மெய் சிலிர்க்கிறது. இன்னொரு மாணாக்கர் டக்ளஸ் நிக்கல்ஸ். 1976-ல் தென் ஆஸ்திரேலியாவின் கவர்னரானார்.

கமராகஞ்சா நிலம் 1984-ல் அம்மக்கள் கைக்கு வந்தது. ஆனால் நதியையும் வனத்தையும் சேர்த்து அவர்கள் கோரிய பூர்வீக உரிமையை 2002-ல் உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. வழக்கில் தோற்றாலும் அவர்கள் நதியை விட்டுப் போய்விடவில்லை.

உபாத்தியாயர் தொழிலில் பலன் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. மலோகாவில் முதல் பாடம் நடந்ததற்கும், இருநூறு பேர் தலை நிமிர்ந்து நதியைக் கடந்ததற்கும் இடையே ஐம்பத்தெட்டு வருஷங்கள். அதைக் காண ஜேம்ஸ் உயிரோடிருந்தார், 1946-ல்தான் காலமானார். அவரைப் பற்றி நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் மூவரும் தீர்மானித்தோம்.