கியர் விழாத வண்டி

அல்சூரில் நாம் குடியிருக்கும் சந்தில் நம் வண்டியை அறியாதார் இல்லை. காலையில் அது முழங்கினால் அடுத்த வீட்டு அம்மையார் பால் காய்ச்ச எழுந்துவிடுவார். 1984ஆம் ஆண்டில் நம் தந்தையார் ஆலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய யெஸ்டி அது. மைசூரில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா ஆலையில் உருவானது. உதைத்துக் கிளப்பும் கோலும் கியர் மாற்றும் கோலும் ஒன்றேயாக அமைந்தது அதன் தனிச்சிறப்பு.

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், மலையடிவாரத்தில் நமக்குச் சிறிது கேழ்வரகு நிலம் உண்டு. பாட்டியார் அங்கேயே இருக்கிறார். பட்டணத்துக்கு வர இசையார். ஆகவே மாதம் ஒரு முறை, ரயில்வே அலுவலகத்திற்கு விடுமுறையான நாளில், தந்தையாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஓசூர் வழியே செல்வது நம் வழக்கம். கடைசி ஐந்து கிலோமீட்டர் சாலையன்று. சேறும் மணலும் மாட்டுவண்டித் தடமுமேயாம்.

இரண்டு ஆண்டுகளாக வண்டி அவ்விடத்தில் அடம்பிடிக்கத் தொடங்கியது. முதல் கியரில் நின்றுவிடும், இரண்டாவது விழாது, நியூட்ரலும் வாராது. கிளட்ச் கேபிளை மாற்றினோம். ஒரு மாதம் ஓடியது. பிளேட்டுகளை மாற்றினோம், இரண்டு மாதம் ஓடியது. கியர் ஆயிலை மாற்றினோம். மூன்றாம் வாரமே பழைய கதைதான். மாற்றியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நாம் கேட்டதை அவர்கள் செய்தார்கள். நாம் கேட்டதுதான் தவறு.

2024ஆம் ஆண்டு ஐப்பசியில், பாட்டியாருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. மருந்துடன் மாலையில் புறப்பட்டோம். மழையில் ஊறிக் கிடந்த அத்தடத்தில், இருட்டிய பிறகு, வண்டி முதல் கியரில் பூட்டிக்கொண்டது. சினத்தில் கோலை ஓங்கி மிதித்தோம்; பயனில்லை. கிளட்சைப் பிடித்துத் தள்ளினாலும் சக்கரம் இழுத்துப் பிடித்தது. எழுபது வயதைக் கடந்த தந்தையார் ஒன்றும் பேசாமல் பின்னால் நின்று தள்ளினார். பாட்டியார் பிழைத்துக்கொண்டார், ஆனால் தந்தையார் பத்து நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இனி இந்த வண்டி வேண்டாம் என்று முடிவு செய்தோம். பழைய வண்டிகளை விரும்பி வாங்கும் அன்பர் ஒருவரிடம், தந்தையார் அறியாமல், முன்பணமும் பெற்றுக்கொண்டோம். ஓடும் நிலையில் கொடுத்தால் விலை கூடுமே என்ற எண்ணத்தில்தான், ஏரிப் பக்கம் கடை வைத்திருக்கும் முதிய மேஸ்திரி ஒருவரிடம் கொண்டுபோனோம். தந்தையாரும் உடன் வந்தார்.

மேஸ்திரி புதிய பிளேட்டுகளைத் தொட்டும் பார்க்கவில்லை. அவை அமரும் கிளட்ச் டிரம்மைக் கையில் எடுத்து, அதன் பிளவுகளில் நம் விரலை வைக்கச் சொன்னார். வழுவழுப்பாக இருக்கவேண்டிய சுவரில் வரிசையாகப் பள்ளங்கள்!

"தம்பி, கிளட்சைப் பிடித்தால் பிளேட்டுகள் மயிரிழை விலகவேண்டும். இந்தப் பள்ளத்தில் அவற்றின் காது மாட்டிக்கொண்டால் எப்படி விலகும்? இஞ்சின் விசை கியருக்குப் போய்க்கொண்டே இருக்கும். விசை தாங்கி நிற்கும் பல் கழலாது. மிதித்தால் உள்ளே இருக்கும் ஃபோர்க்தான் வளையும். எத்தனை புது பிளேட் போட்டாலும் உட்காரும் இடம் பழையதுதானே?" என்றார்.

பள்ளம் விழுந்த காரணத்தையும் சொன்னார். சேற்றிலும் மணலிலும் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஆக்சிலேட்டரை முறுக்கி ஓட்டினால், பிளேட்டுகள் சூடேறி, டிரம்மின் சுவரில் சம்மட்டிபோல் மோதுமாம். அவ்வாறு ஓட்டியவர் யார்? தந்தையாரல்லர், நாமேதான்!

நாம் தலைகுனிந்தோம். தந்தையார், "எனக்கு அப்போதே தெரியும். சொன்னால், கிழவன் தன் வண்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்பாய்" என்றார். முன்பணம் வாங்கிய செய்தியை அவ்விடத்திலேயே அவரிடம் கூறிவிட்டோம். அவர் சற்று நேரம் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்து, "முதலில் இதைச் சரிசெய்" என்றார்.

மேலோட்டமான பள்ளமாயின் அரத்தால் தேய்த்துச் சமன்செய்யலாம். நம் டிரம்மில் பள்ளம் ஆழமாகிவிட்டது. அளவுக்கு மீறித் தேய்த்தால் பிளேட்டுகள் தளர்ந்து ஆடும். ஆகவே சிவாஜிநகர்ப் பழைய சாமான் கடைகளில் இரண்டு ஞாயிறுகள் அலைந்து, நல்லதொரு டிரம்மைத் தேடிப் பிடித்தோம். வளைந்திருந்த ஃபோர்க்கையும் மாற்றினோம்.

மேஸ்திரி கற்பித்ததை, வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்காக எழுதுகிறோம். சேற்றில் முதல் கியரில் மெல்லச் செல்லுங்கள். ஆனால் கிளட்சை முழுதும் விட்டு ஓட்டுங்கள். கியர் மாற்றும்போது ஆக்சிலேட்டரைத் தளர்த்துங்கள். கிளட்ச் பிடியில் சிறிது தளர்ச்சி எப்போதும் இருக்கட்டும். கியர் பூட்டிக்கொண்டால் மிதிக்காதீர்கள். இஞ்சினை நிறுத்தி, வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துக்கொண்டே கோலை மெல்ல அழுத்துங்கள். பெரும்பாலும் நியூட்ரல் வந்துவிடும். அன்றிரவு இதனை அறிந்திருப்போமாயின், முதியவரைச் சேற்றில் தள்ளவைத்திருக்க மாட்டோம்.

மறுநாளே முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதன்பின் பல முறை ஊர் சென்று திரும்பினோம். கியர் ஒருமுறையும் மறுக்கவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வள்ளுவர் சிலையை நாள்தோறும் கடந்தே வேலைக்குச் செல்கிறோம். நோயை மட்டுமன்றி அதன் முதலையும் நாடவேண்டும் என்று அப்பெருமான் மருத்துவருக்குச் சொன்னது, வண்டிக்கும் பொருந்தும். வண்டி ஓட்டுபவனுக்கும் பொருந்தும்.