இறக்கை அடிக்காத பருந்து

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சென்ற பங்குனி மாதம். எங்கள் ஊரான கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை பிடுங்கி முடித்து, அப்பா களத்தில் தூற்றிக்கொண்டிருந்தார். நல்ல உச்சி வெயில். வானத்தில் ஒரு பருந்து, இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல், வட்டமிட்டபடியே மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பா கேட்டார்:

“ஏன்டா, ரெக்கைய அடிக்காமயே அது எப்படி மேல போவுது? காலேஜில சொல்லிக் குடுத்தாங்களா?”

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். என் படிப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். தேர்வுக்காக மனப்பாடம் செய்ததைப் பெருமையோடு ஒப்பித்தேன். “இறக்கையின் மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை. மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம். கீழே போகிற காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேரணும் இல்லையா? அதனால் அது வேகமாக ஓடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும்…”

“அது எதுக்குடா இதோட போய்ச் சேரணும்? ரெண்டும் என்ன ஏர்ல பூட்டின சோடி மாடா?”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அப்பா சிரிக்கவில்லை, முறத்தை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

மறுநாள் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். “உங்க அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி” என்றார். நூலகத்தில் தேடிப் படித்தபோது உண்மை விளங்கியது. இரண்டு காற்றும் ஒன்றாகச் சேர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மேலே செல்லும் காற்று, கீழ்க்காற்றுக்கு முன்பாகவே இறக்கையின் பின்விளிம்பைக் கடந்துவிடுகிறது. மேற்பக்கத்தில் அழுத்தம் குறைவது மெய். அதற்கு நான் சொன்ன காரணம்தான் பொய். இறக்கை தன்மீது வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அந்தக் காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பத்தாம் வகுப்பிலேயே படித்தவன்தான் நான்!

சனிக்கிழமை மீண்டும் களத்துக்குப் போனேன். இம்முறை புத்தக மொழியை விட்டுவிட்டேன். “முறத்தைக் காற்றுக்கு எதிரே லேசாகச் சாய்த்துப் பிடிங்கப்பா, தூக்குதா?” என்றேன். “தூக்குது” என்றார். “ஏரிக்கரை இறக்கத்தில் மிதிக்காமலே சைக்கிள் ஓடுதே, அதேபோலப் பருந்தும், இஞ்சின் இல்லாத கிளைடரும் காற்றுக்குள்ளே இறக்கத்தில் சறுக்கிக்கொண்டே இருக்கு. இழுப்பது பூமி.”

“இறங்குதுங்கற, ஆனா மேல போவுதே?”

“வெயிலில் தரை காய்ந்தால், அதன்மேல் உள்ள காற்று சூடாகி மேலே கிளம்பும். பருந்து நொடிக்கு ஒரு மீட்டர் இறங்க, காற்று இரண்டு மீட்டர் ஏறினால், பருந்து ஒரு மீட்டர் மேலே போகும். வாளி இழுக்கும் கயிற்றில் எறும்பு கீழ்நோக்கி நடந்தாலும் மேலேதானே வருது!”

அப்பா தலையாட்டினார். எனக்குத் தெம்பு வந்தது. அண்ணாமலையின் உச்சி சுற்றியுள்ள தரையிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஜெர்மனியில் 1891 முதல் 1896 வரை, விபத்தில் சாகும் வரையில், ஏறத்தாழ 2000 முறை கிளைடரில் பறந்தவர் ஓட்டோ லிலியன்தால். அவருடைய கிளைடர் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் நான்கு மீட்டர் போகும். அவர் அந்த உச்சியிலிருந்து குதித்திருந்தால் 2.4 கிலோமீட்டர், திருவண்ணாமலை எல்லையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். ஒன்றுக்கு நாற்பது போகும் இக்காலக் கிளைடருக்கோ 24 கிலோமீட்டர். ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் நம் களத்தில் வந்து இறங்கலாம்! நம் நாட்டிலும் கிளைடர்கள் செய்து, அஸ்வினி (1958), ரோகிணி (1961) என்று நட்சத்திரப் பெயர்களை வைத்தார்கள் என்றதும் அப்பா மகிழ்ந்துபோனார்.

பிறகு வேகத்துக்கு வந்தோம். 1903 டிசம்பர் 17-இல் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாக 12 நொடியில் கடந்தது 120 அடி. அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். என் சைக்கிளே முந்திவிடும்! ஆனால் அன்று மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் எதிர்க்காற்று. விமானத்துக்குக் கணக்கு தரையோடு அல்ல, காற்றோடு. காற்றைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொட்டது, அதனால்தான் எழும்பியது. 1910-இல் சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்செலிஸ் என்பவர் தாமே ஒரு விமானம் கட்டிப் பறந்து காட்டினார். 1911 பிப்ரவரி 18-இல் அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஹென்றி பெக்கே கடிதங்களை எடுத்துப் பறந்தபோது, ஆறு மைலுக்குச் சுமார் 13 நிமிடம். நம்மூர் பஸ்ஸின் வேகம்தான்! 1932-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த விமானமோ மணிக்கு நூறு மைல் அளவில் பறந்தது.

“அப்போ எதிர்க்காத்து கெடுதல் இல்ல” என்றார் அப்பா, முறத்தை மீண்டும் எடுத்துக்கொண்டே. “தூத்தறவனுக்கு இது தெரியும்.”

செமஸ்டர் தேர்வில் அந்தக் கேள்வி வரவில்லை. வந்திருந்தாலும் இனி மறக்காது. நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். வகுப்பில் படித்ததை ஒருமுறை வீட்டில் சொல்லிப் பாருங்கள். நமக்குப் புரிந்ததா, மனப்பாடம்தானா என்பது அங்கே தெரிந்துவிடும்.

அப்பா இப்போது அடுத்த கேள்வியை வைத்திருக்கிறார்: கிணற்று மேட்டில் வைத்த மோட்டார், தண்ணீர் முப்பது அடிக்குக் கீழே போனால் ஏன் இழுப்பதில்லை? இம்முறை புத்தகத்தைத் திறப்பதற்கு முன், கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கப் போகிறேன்.