"பிரசவத்துல போய்ட்டா"

மதிப்புக்குரிய டாக்டர் கபில ஜயரத்ன அவர்களுக்கு,

ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது.

என் அம்மாயியின் தங்கை தலைப்பிரசவத்தில் இறந்தவர். இரவு முழுக்க லயத்துக் காம்பராவில் வலி. விடிந்த பிறகுதான் கொழுந்து லொறி கிடைத்தது. ரோட்டிலேயே உயிர் போய்விட்டது. என்ன நடந்தது என்று கேட்டால் அம்மாயி ஒரே வரியில் முடித்துவிடுவார்: "பிரசவத்துல போய்ட்டா." எவ்வளவு ரத்தம் போனது, லொறிக்கு ஏன் விடியும்வரை காத்திருந்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விகளைக் கேட்பதே உங்கள் தொழிலாக இருந்தது. குடும்ப சுகாதாரப் பணியகத்தில் தாய் சேய் மரணக் கண்காணிப்புக்குப் பொறுப்பாக இருந்தீர்கள். கர்ப்பத்திலோ, பேறு முடிந்து 42 நாளுக்குள்ளோ ஒரு தாய் இறந்தால் அதை அறிவிப்பது இந்நாட்டில் 1985 முதல் கட்டாயம். அவள் வீட்டுக்குப் போய் விசாரிப்பார்கள். ஆஸ்பத்திரிக் குறிப்புகளைப் புரட்டுவார்கள். பிறகு மாவட்டத்தில் கூடிப் பேசுவார்கள். குற்றவாளியைப் பிடிப்பதற்காக அல்ல, எந்த இடத்தில் கை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று பார்ப்பதற்காக.

1930களில் இலங்கையில் லட்சம் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். கோவிட்டுக்கு முந்திய ஆண்டுகளில் அது 30 அளவுக்கு இறங்கியிருந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், வீடு தேடி வரும் மருத்துவிச்சிகளும், இலவச வைத்தியமும் சேர்ந்து இறக்கிய கணக்கு அது. கடைசிப் படிகள்தான் கடினம். அங்கே ஒவ்வொரு சாவையும் தனித்தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

என் அக்கா மகள் ஏழாம் மாதத்தில் இருந்தபோது, பனிக்குள் ஏறி வந்தார் மிட்வைஃப் மிஸ். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பிரஷர் பார்த்தார். "உடுப்பை எடு, இப்பவே போகணும்" என்றார். தாயும் பிள்ளையும் வீடு திரும்பினார்கள். அந்தக் கட்டைவிரலுக்கு எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதற்கு முன்னால் எத்தனை பெண்களின் கோப்புகளை யார் யாரோ படித்திருக்க வேண்டும்!

எங்கள் தோட்டத்து மேல் டிவிசன் ரோடு இன்றும் கல்லும் குழியும்தான். ஆனால் எங்கள் வீட்டில் இப்போது யாரும் அந்த ஒரு வரியோடு பேச்சை நிறுத்துவதில்லை. அதற்காகத்தான் இந்த நன்றி.

இப்படிக்கு,
கொழுந்தெடுத்த ஒருத்தியின் பேத்தி