ஞாயிறு காலை எட்டு மணி

கடல் கடந்து இத்தீவுகளுக்கு வந்த ஒவ்வொரு தமிழருக்கும் நினைவில் நிற்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருக்கும். எனக்கு அது 2007 ஆம் ஆண்டு மே மாதத்தில் வாய்த்தது. சென்னையில் கப்பலேறி, மூன்று நாள் வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு தகரப் பெட்டியுடன் ஹாடோ துறையில் இறங்கியவன் நான். மைய அரசின் அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. வியாழனன்று பணியில் சேர்ந்தேன். அங்கே பேச்சு முழுவதும் இந்தியில் நடந்தது. பி.ஏ. பட்டம் பெற்ற நான் இரண்டு நாள் ஊமையைப்போல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறன்று கோயில் மணியோசை கேட்டு அத்திசையில் நடந்தேன். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது ஓர் அம்மையார், “தம்பி புதுசா வந்திருக்கீங்களா? எந்த ஊரு?” என்று கேட்டார். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர் என்றேன். அன்று நண்பகல் அவர் வீட்டில்தான் எனக்குச் சோறு. மாலையில் எனக்கு வாடகை வீடும் கிடைத்துவிட்டது.

அப்பொழுதுதான் ‘பங்கு’ என்னும் சொல்லின் பொருள் எனக்கு விளங்கிற்று. ஒரு கோயிலையும் அதன் பங்குத்தந்தையையும் சார்ந்து வாழும் குடும்பங்களின் தொகுதியைக் கத்தோலிக்கர் பங்கு என்பர். ஊரில் இருந்தவரை அச்சொல்லை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அங்கே பங்கு வேறு, உறவு வேறு, ஊர் வேறு என்று பிரித்துக் காண முடியாது, எல்லாம் ஒன்றே. இங்கே உறவு கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே பங்கே உறவாக வேண்டியிருக்கிறது.

ஊர்த் திருவிழாவைப் பற்றி எழுதுவோர் பலர். கொடியேற்றமும் தேரும் எழுதத்தக்கவையே. வெற்றிமலை முருகன் கோயிலின் பங்குனி உத்திரத்தைக் கண்ட இத்தீவுத் தமிழருக்குத் திருவிழாவின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஒரு சமூகத்தைத் தாங்கி நிற்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழாவன்று. வாரந்தோறும் வரும் சிறு கடமைகளே என்பது என் அனுபவம்.

எங்கள் பங்கின் வாரம் ஞாயிறு திருப்பலியில் தொடங்குகிறது. அது முடிந்ததும் சிறுவர்க்கு மறைக்கல்வி. பெரியவர்கள் வெளியே தகரக் கொட்டகையில் தேநீர் அருந்தியபடி, கப்பல் எப்பொழுது வரும், ஊருக்குப் பயணச்சீட்டுக் கிடைக்குமா, வெங்காயம் என்ன விலை என்று பேசிக்கொண்டிருப்பர். அடுத்த வாரம் எந்த வீட்டில் யாருக்கு என்ன தேவை என்பது இந்த அரைமணி நேரத்தில்தான் தெரியவரும். செவ்வாய்க்கிழமை வின்சென்ட் தே பவுல் சபையினர் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனைக்குச் செல்வர். கச்சால் முதலான நிக்கோபார்த் தீவுகளிலிருந்து கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ கொண்டுவரப்படும் நோயாளிகளுக்கு நகரில் எவரும் இருப்பதில்லை. அவர்களுக்குக் கஞ்சி கொண்டுசெல்வதும், ஊருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்வதும் எங்கள் வேலை. புதனன்று சகாயமாதா நவநாள். வெள்ளி மாலையில் ஒரு வீட்டில் அன்பியம், அதாவது பத்துப் பதினைந்து குடும்பங்கள் கூடிச் செபமாலை சொல்லும் கூட்டம். சனிக்கிழமை கோயிலைக் கூட்டிக் கழுவுவதும் பாடகர் குழுவின் பயிற்சியும். மறுநாள் மீண்டும் ஞாயிறு.

இப்பங்கு தமிழர் பங்கு மட்டுமன்று. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம். அவர்களுள் கிறித்தவர் நூற்றுக்கு 21 பேர். தாய்மொழி வரிசையில் வங்காளம், இந்தி ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் தமிழ் நிற்கிறது. எங்கள் கோயிலில் மலையாளிகளும் உண்டு, கோவாக்காரரும் உண்டு. எல்லோருக்கும் முன்பே வந்தவர்கள் ‘ராஞ்சிக்காரர்’ என்று நாம் அழைக்கும் சோட்டா நாகபுரி மக்கள். ஒராவோன், முண்டா, காரியா ஆகிய குடியினர் அவர்கள். 1918 இல் ராஞ்சியிலிருந்த கத்தோலிக்கத் தொழிலாளர் பணியகத்தின் வாயிலாக முதல் கூட்டத்தார் காடு திருத்தும் வேலைக்கு வந்தனர். ஒப்பந்தம் முடிந்து திரும்பியோர் பலர், தங்கிவிட்டோரும் பலர். நாம் நடக்கும் சாலைகள் பலவற்றுக்கு மரம் வெட்டி வழி திறந்தவை அவர்கள் கைகளே. இத்தீவுகளின் கத்தோலிக்கர் நெடுங்காலம் ராஞ்சி உயர்மறைமாவட்டத்தின் ஆளுகையில் இருந்ததற்குக் காரணமும் இதுவே. 1984 ஆம் ஆண்டு ஜூன் 22 ஆம் நாள்தான் போர்ட் பிளேர் தனி மறைமாவட்டமாயிற்று. பிலார் சபையைச் சேர்ந்த அலெக்ஸ் டயஸ் ஆண்டகை அதன் முதல் ஆயர். ‘கடலின் விண்மீன்’ எனப் பொருள்படும் ஸ்டெல்லா மாரிஸ் என்பது அதன் பேராலயத்தின் பெயர். 2024 இல் நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. கடலும் விண்மீனும் அப்படியே இருக்கின்றன.

எங்கள் தந்தையர் சிறுவராய் இருந்த காலத்தில் பூசை இலத்தீனில் நடந்தது. எல்லா நாட்டு மக்களுக்கும் அது ஒன்றுபோல் புரியவில்லை; ஆகவே பூசல் இல்லை. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழியில் வழிபாடு நடத்த வழி திறந்தது. ஒரே மொழி பேசும் ஊர்களில் இது பெரும்பேறு. பல மொழி பேசும் பங்கில் ஒரு கேள்வியும் உடன்வந்தது: எந்த மக்களின் மொழி? எந்த மணிக்கு?

அந்தக் கேள்வியில்தான் நான் ஒரு பிழை செய்தேன்.

எங்கள் பங்கில் ஞாயிறு காலை எட்டு மணித் திருப்பலி இந்தியில் இருந்தது. நகருக்கு வெளியே குடியிருப்புகளில் வாழும் ராஞ்சிக் குடும்பங்கள் முதல் பேருந்தைப் பிடித்து அதற்கு வந்து சேர்வர். தமிழ்த் திருப்பலி மாலை நான்கு மணிக்கு. ஞாயிறு மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் இருக்கிறது, விருந்தினர் வருகிறார்கள் என்று நம்மவர்க்குக் குறை. அப்பொழுது நான் பங்குப் பேரவையின் செயலர். கோப்பும் குறிப்பும் எழுதியே பிழைக்கும் கை அல்லவா? நான்கு பக்க மனு ஒன்றை எழுதினேன். பத்தி எண் இட்டு, குடும்ப எண்ணிக்கை காட்டி, அறுபத்து நான்கு கையெழுத்துகள் வாங்கினேன். இந்திய மொழிகளின் எழுத்தில் அச்சேறிய முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’ 1578 இல் கொல்லத்தில் வெளிவந்த கத்தோலிக்கத் தமிழ் நூல் என்பதையும் மூன்றாம் பத்தியில் சேர்த்தேன். எதிர்த்தரப்பிலிருந்து மனு வரவில்லை. வராததன் காரணம் உடன்பாடன்று. மனு எழுத அவர்களிடம் எழுத்தர் இல்லை.

எட்டு மணி தமிழுக்கு வந்தது. இந்தித் திருப்பலி காலை ஆறு மணிக்குப் போயிற்று. ஆறு மணிக்கு வந்துசேரப் பேருந்து கிடையாது. பின்வரிசைகளை நிரப்பிய முகங்கள் மெல்லமெல்ல மறைந்தன. அவர்களுள் ஒரு முதியவர், எல்லோரும் ‘தாதா’ என்று அழைப்பவர், மாதம் ஒருமுறை விடியுமுன் எழுந்து நடந்தே வந்தார். என்னைக் காணும்போதெல்லாம் முன்போலவே கைகூப்பினார். அந்தக் கைகூப்பு எனக்கு உறுத்தியது. ஆயினும் மொழிக்குச் செய்த தொண்டு என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அவ்வாண்டிலேயே என் மகள் முதன்முறையாக எட்டு மணித் திருப்பலியில் வாசகம் படித்தாள். தெளிவாகவே படித்தாள். பெருமிதத்தோடு அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். தமிழ்ச் சொற்கள் அனைத்தும் தேவநாகரி எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. “அப்பா, எனக்கு இதுதான் வேகமா படிக்க வருது” என்றாள். அவள் மேல் குற்றமில்லை. எட்டு மணியைப் பெற அறுபத்து நான்கு வீடுகளின் படியேறிய நான், என் வீட்டில் ஒரு மாலைப்பொழுது அவளை உட்கார வைத்து உயிரெழுத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தமிழ் என் வீட்டுக் கூடத்தில்தான் தேய்ந்துகொண்டிருந்தது. ராஞ்சிக்காரரின் பேருந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்த ஐப்பசியில் என் தந்தையார் ஊரில் காலமானார். செய்தி பிற்பகலில் வந்தது. அன்றைய கடைசி விமானம் போய்விட்டிருந்தது. மறுநாள் புறப்பட்டுச் சென்னை சேர்ந்து, இரயிலேறி ஊர் போவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்று தம்பி தொலைபேசியில் அழுதான். முடிந்துதான் இருந்தது. கல்லறையில் ஈர மண்ணைத்தான் நான் கண்டேன்.

அந்த முதல் இரவை நான் இங்கேதான் கழித்தேன். அன்பியத்தார் அனைவரும் வந்தனர். சமையலை ஒருவர் ஏற்றார். பயணச்சீட்டுக்கு ஒருவர் ஓடினார். பத்து மணியளவில் மழையில் நனைந்தபடி ஒன்பது பேர் படியேறி வந்தனர். தாதாவும் அவர் உறவினரும். கடைசிப் பேருந்தில் வந்ததால் திரும்பிப்போக வழியில்லை. இரவு தங்குவதென்று தீர்மானித்தே வந்திருந்தனர். தரையில் பாய் விரித்து அமர்ந்து செபமாலையைத் தொடங்கினர். ஒவ்வொரு மணிக்கும் முற்பாதியை அவர்கள் இந்தியில் சொல்ல, பிற்பாதி என் வாயில் தமிழில் வந்தது. எவரும் அதை வியப்பாகக் கருதவில்லை. விடியும்வரை தாதா உறங்கவில்லை. என் மனைவி கொடுத்த பாலில்லாத தேநீரை வாங்கிக்கொண்டு, “என் தந்தை இறந்தபோது நானும் வேறு தீவில் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், நான்காம் நாள்தான் சொன்னார்கள்” என்றார். நான் மனுவைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தி, “இன்று அது வேண்டாம், பாபு” என்றார்.

ஊரிலிருந்து திரும்பியதும் இரண்டாவது மனுவை எழுதினேன். இம்முறை ஒரே பக்கம். பேரவையில் நம்மவர் ஒருவர் வருந்தினார்: “நம்ம மொழிக்குக் கிடைச்ச இடத்தை நீங்களே விட்டுக்கொடுக்கலாமா, தம்பி?” அவர் வருத்தம் பொய்யன்று. தமிழ் கேட்கும் இடங்கள் குறைந்துவருவதை அறிந்தவர் அவர். நான் சொன்ன மறுமொழி இது: “தம்பிரான் வணக்கத்தைத் தமிழில் தந்தவர் அண்டிரிக் அடிகளார். அவர் போர்த்துகீசியர். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வாழ்ந்து, அவர்கள் மொழியைக் கற்று எழுதினார். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் இத்தாலியர். பிறர் மொழியை மதித்து வந்தவர்களால் வளர்ந்த தமிழைக் காட்டி, பிறர் நேரத்தை நான் பறித்துவிட்டேன்.”

நீண்ட பேச்சுக்குப் பின் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. எட்டு மணி இரண்டு ஞாயிறு இந்திக்கு, இரண்டு ஞாயிறு தமிழுக்கு. ஐந்தாம் ஞாயிறு வந்தால் இரு மொழியும் சேர்ந்து. மாறிவரும் வாரங்களில் தமிழ்த் திருப்பலி மாலைக்கே போகிறது. அன்று நம்மவர் வருகை குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இழப்பு ஒன்றுமில்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் சனிக்கிழமை மாலையில், பாடகர் பயிற்சிக்கு முன் ஒரு மணி நேரம், கொட்டகையில் தமிழெழுத்து வகுப்பு நடத்துகிறேன். முதலில் மூவர் வந்தனர். இப்பொழுது பதினோரு பிள்ளைகள். ராஞ்சிச் சிறுமி ஒருத்தியும் தோழியோடு வந்து அமர்கிறாள். நானும் தாதாவிடம் சாத்ரி மொழியில் சில சொற்கள் கற்றுக்கொண்டேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவர் வீட்டார் சிரிக்கிறார்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இறந்தோர் அனைவரையும் நினைத்து, அவரவர் முன்னோர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும் நாள். இத்தீவுகளில் அக்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். நம்மில் பெரும்பாலோர்க்கு இம்மண்ணில் கல்லறை இல்லை. அவ்வாண்டு நான் வாயிலருகே வெறுங்கையுடன் நின்றிருந்தேன். தாதா வந்து என் கையில் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்து, ஓரத்தில் இருந்த மரச்சிலுவை ஒன்றின் அருகே அழைத்துச் சென்றார். அவருடைய பாட்டனார் கிடக்கும் இடம். சிலுவையில் எழுத்து அழிந்திருந்தது. “இவரும் ஊர் திரும்பாதவர்தான். உங்கள் தந்தைக்கும் இங்கேயே ஏற்றுங்கள்” என்றார்.

ஏற்றினேன். இப்பொழுது ஆண்டுதோறும் அங்கேதான் ஏற்றுகிறேன்.

தமிழன்பர்களே, இச்சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வகுப்பு உண்டு. எச்சமயத்தவராயினும் உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். சிலேட்டும் சுண்ணக்கட்டியும் கொட்டகையில் இருக்கின்றன. என் மகள் இப்பொழுது தமிழெழுத்தைப் பார்த்தே வாசகம் படிக்கிறாள். மெல்லத்தான் படிக்கிறாள், றகர ரகரத்தில் தடுமாறுகிறாள். ஆயினும் அவள் கையிலிருக்கும் தாளை நான் இனி அஞ்சாமல் வாங்கிப் பார்க்கலாம்.