காக்கா இறகும் காலி கேனும்

‘எனக்கு இது வராது!’

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த வசனத்தை முதன்முதலாகச் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? நடை பழகியபோது நூறு தடவை விழுந்த அதே பிள்ளைதான். அப்போது ஒரு தடவைகூட, ‘எனக்கு நடக்க வராது’ என்று உட்கார்ந்துவிடவில்லை. அப்புறம் எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடத்திலிருந்து என்பீர்கள். எனக்கென்னவோ, பாதிக்கு மேல் நம் வீட்டுத் திண்ணையிலிருந்துதான் வந்திருக்கும் என்று தோன்றுகிறது.

1941-ல் வால்ட் டிஸ்னி எடுத்த ‘டம்போ’ பார்த்திருக்கிறீர்களா? ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். முறம் மாதிரி காதோடு பிறந்த சர்க்கஸ் குட்டி யானை. எல்லோரும் சிரிக்கிறார்கள். காக்காக் கூட்டத்திடமிருந்து வந்த ஓர் இறகை, ‘இது மந்திர இறகு’ என்று நீட்டுகிறது ஒரு சுண்டெலி. இறகைத் தும்பிக்கையில் பிடித்துக்கொண்டு டம்போ பறக்கிறது. பிறகொரு நாள், உயரத்திலிருந்து குதிக்கும்போது இறகு நழுவிவிடுகிறது. தரை நெருங்குகிறது. இறகில் ஒன்றுமே இல்லை, பறந்தது நீதான் என்று எலி கத்துகிறது. கடைசி நொடியில் காது விரிகிறது.

அந்த இறகை நான் போன மே மாதம் நேரிலேயே பார்த்தேன். பெரியகுளத்துக்குப் பக்கத்தில், ஜெயமங்கலத்தில். என் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர். வராக நதிப் பாசனம், வயல், தென்னந்தோப்பு என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். கோடையிலும் மாப்பிள்ளையின் கிணற்றில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். தங்கை மகளுக்குப் பத்து வயது. முதுகில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு மீன் மாதிரி நீந்துகிறாள். எங்கள் காலத்தில் சுரைக்குடுக்கை, இப்போது கேன். அதைக் கழற்றச் சொன்னால் மட்டும் படிக்கட்டை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

“விடுங்க மச்சான், பயந்த புள்ள. அவளுக்கு வராது” என்றார் மாப்பிள்ளை. அவள் காதுபடத்தான் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி என் லேப்டாப்பில் ‘ஃபைண்டிங் நீமோ’ ஓடியது. 2003-ல் வந்த படம். அதில் பேசுவது இங்கிலீஷ். அதனால் என்ன, பக்கத்தில் உட்கார்ந்து மதுரைத் தமிழில் டப்பிங் கொடுத்தேன். நீமோவுக்கு ஒரு பக்கத் துடுப்பு சின்னது. மனைவியையும் மற்ற முட்டைகளையும் பெரிய மீனுக்குப் பறிகொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒற்றை முட்டையைப் பொத்திப் பொத்தி வளர்த்த அப்பா மார்லின். பயத்தில், ‘உன்னால் முடியும் என்று நினைக்கிறாய், ஆனால் முடியாது’ என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை விட்டுவிடுகிறார். மகன் வீம்புக்கு நீந்திப் போய் மனுஷன் கையில் மாட்டிக்கொள்கிறான். முழுக் கடலையும் தாண்டித் தேடிப் போகிறார் அப்பா.

கடைசியில் வலை நிறைய மீன்கள் சிக்கித் தவிக்கின்றன. எல்லோரும் சேர்ந்து கீழ்நோக்கி நீந்தினால் தப்பிக்கலாம். அதைச் சொல்ல நீமோ வலைக்குள் போகணும். கிடைத்த பிள்ளையைத் திரும்பவும் விடணுமே! மார்லின் விடுகிறார். நீமோவுக்கு ஆரம்பத்திலிருந்தே தைரியம் இருந்தது சார். அந்தப் படத்தில் பாடம் படித்தவர் அப்பாதான். துண்டைத் தோளில் போட்டபடி வாசற்படியில் நின்றிருந்த மாப்பிள்ளை, படம் முடிகிறவரை நகரவில்லை.

நான் பி.காம். படித்தவன். ‘குட்வில்’ என்று ஒரு பாடம் நடத்துவார்கள். ஒரு கம்பெனி முப்பது வருஷம் உழைத்துச் சேர்த்த நல்ல பெயரைத் தன் கணக்கில் சொத்தாக எழுதிக்கொள்ள முடியாது. இன்னொருவர் அந்தக் கம்பெனியை வாங்கும்போது, அந்தப் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கிற பணம்தான், வாங்கியவர் புத்தகத்தில் குட்வில் என்று ஏறும். கம்பெனிக்கு இது நியாயம். நாம் பிள்ளைகளுக்கும் இதே கணக்கைத்தான் எழுதுகிறோம். வெளியிலிருந்து மார்க்கோ, மெடலோ, கப்போ வந்தால்தான் வரவு வைப்போம். அதனால்தான் ஹீரோ கடைசி ரீலில் கப் வாங்குகிற படங்கள் மேல் எனக்கு ஒரு சந்தேகம். வாங்காத பிள்ளை என்ன செய்யும்?

மறுநாள் காலையில் மாப்பிள்ளை முதலில் கிணற்றில் இறங்கி, கையை நீட்டிக்கொண்டு நின்றார். “கேனோட வா, இல்லாட்டி இல்லாம வா. ஒன் இஷ்டம்” என்றார். அன்றைக்குக் கேனோடுதான் வந்தாள். அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் கயிற்றை அவிழ்த்துப் படியில் வைத்தாள். நாலு கை போட்டாள், ஒரு மடக்கு தண்ணீர் குடித்தாள், அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கைதட்டவில்லை. மோட்டார் சத்தத்தில் தட்டினாலும் கேட்டிருக்காது.

அன்று ராத்திரி ‘காக்கா முட்டை’. “எடுத்தவரு நம்ம உசிலம்பட்டிக்காரரு” என்று தங்கைக்கு ஒரே பெருமை. மணிகண்டன் எடுத்து 2015-ல் தியேட்டருக்கு வந்த படம். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதையும், அண்ணன் தம்பியாக நடித்த ரெண்டு பையன்களுக்கும் விருதையும் வாங்கியது. தண்டவாளத்து ஓரம் கரி பொறுக்கி விற்று, ஒரே ஒரு பீட்சாவுக்குக் காசு சேர்க்கிறார்கள். புதுச் சட்டையோடு போனாலும் கடை வாசலில் அறைதான் விழுகிறது. ஆனால் எனக்குப் பெரிய காட்சி அதுவல்ல. வசதியான வீட்டுப் பையன் தான் தின்ற மிச்சத்தை நீட்டுகிறான். தம்பிக்கு ஆசை. அண்ணன் வேண்டாம் என்று தடுத்துவிடுகிறான். கையில் காசில்லை, அப்பா ஜெயிலில். ஆனாலும் அவன் தனக்கென்று ஒரு விலை வைத்திருக்கிறான். எவரும் எழுதித் தராத குட்வில்!

கடைசியில் பீட்சா கிடைக்கிறது. வாயில் வைத்தால் பிடிக்கவில்லை. விளம்பர நோட்டீஸைப் பார்த்து அவர்கள் ஆயா சுட்டுத் தந்த தோசையே தேவலை என்றாகிவிடுகிறது.

படம் முடிந்ததும் மருமகள், தூங்கிவிட்டார் என்று நாங்கள் நினைத்த தங்கையின் மாமியாரை உலுக்கினாள். “அப்பத்தா, நாளைக்கு எனக்கு அந்தத் தோசை சுட்டுத் தர்றியா?”

“எனக்கு அதெல்லாம் வராது தாயி” என்றார் அப்பத்தா, கண்ணைத் திறக்காமலே. கொஞ்ச நேரம் கழித்து, “அதுல வெங்காயத்த வட்டமால்ல வெட்டிப் போட்டிருந்தா அந்தக் கெழவி?” என்று கேட்டார்.